உழுகிறவனுக்கா, உடையவனுக்கா?

குடியானவனுக்கு உதவி செய்வது எந்த சர்க்காருக்கும் முதற் கடமை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. மழை பொய்த்தால் அவன் நஷ்டப்படுகிறான். மழை மிகுந்தாலும் அவனே நஷ்டப்படுகிறான். மழை அளவாகப் பெய்து மகசூல் பெருகினாலோ, விலை வீழ்ந்து அப்பொழுதும் அவனே நஷ்டப்படுகிறான். இத்தகைய தொழிலை நடத்துகிறவனைச் சந்தையின் தயவுக்கே விட்டுவிடலாம் என்று சொல்லுகிறவர்கள், தாம் உண்ணும் சோறு எங்கிருந்து வருகிறது என்பதை மறந்தவர்கள். ஆகவே, பொதுப் பொக்கிஷத்திலிருந்து விவசாயிக்குப் பணம் கொடுக்கலாமா என்பதன்று நம் முன் உள்ள கேள்வி. கொடுக்கும் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. இதற்கு விடை காண்பதற்கு, 1933 முதல் இம்முறையைக் கையாண்டு வரும் அமெரிக்காவைக் காட்டிலும், அதிலும் அந்நாட்டின் மிஸிஸிப்பி ராஜ்யத்திலுள்ள ஸன்பிளவர் கவுண்டியைக் காட்டிலும், தக்க இடம் வேறு கிடைப்பது அரிது.

கவுண்டி என்பது நம்முடைய ஜில்லாவைப் போன்றதோர் நிர்வாகப் பிரிவு. ஜனத்தொகையில் நம் தாலுகாக்கள் பலவற்றை விடவும் சிறியது. ஸன்பிளவர் கவுண்டி, மிஸிஸிப்பி நதிக்கும் யாஸு நதிக்கும் இடையே 'டெல்டா' என்று வழங்கும் வண்டல் பிரதேசத்தில் இருக்கிறது. நெடுங்காலம் பருத்தியே அதன் செல்வமாயிருந்தது. நிலம் வெள்ளையரான பெரும் பண்ணைக்காரர்கள் சிலருக்குச் சொந்தம். உழைப்பு கறுப்பு மக்களுடையது. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னர், அதன் இடத்தில் வார முறை வந்தது. நிலமும் கோவேறு கழுதையும் விதையும் பண்ணைக்காரனுடையவை, உழைப்பு குடியுடையது, விளைச்சலில் பாதி குடிக்கு. ஆயின் கணக்குப் புஸ்தகம் பண்ணைக்காரன் கையில் இருந்தது. கணக்குப் புஸ்தகம் எவன் கையிலோ அவனுக்கே லாபம் என்பதை நம் நாட்டுக் குடியானவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1929-ல் ராத்தல் ஒன்றுக்குச் சுமார் 17 சென்ட் விற்ற பருத்தி, 1931-ல் 6 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. பண்ணைகள் கடனில் மூழ்கின, பாங்குகள் மூடின. அந்நிலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி விவசாயச் சீரமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். விளைச்சலைக் குறைக்க இசைகிறவனுக்கு சர்க்கார் ஈடு கொடுப்பார்கள். அதற்கு வேண்டிய பணத்தை, பஞ்சு அரைப்போரும் மாவு அரைப்போரும் செலுத்தும் வரியிலிருந்து எடுப்பது என்பது ஏற்பாடு. அந்தக் கோடையிலேயே ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட பருத்திப் பயிர் உழுது மண்ணில் அமிழ்த்தப்பட்டது. சுமார் 60 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. வேலையற்றோர் பட்டினி கிடந்த தேசத்தில் இப்படிச் செய்வது தகுமா என்று அப்பொழுதே பலர் கேட்டார்கள். எனினும், பருத்தி விலை மீண்டும் ஏறிற்று என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நிற்க. 1934, 1935 ஆண்டுகளுக்காக விவசாய இலாகா தயாரித்த பருத்தி ஒப்பந்தத்தைச் சற்றுக் கவனிப்போம். வக்கீல் தொழிலில் பழகாதவர்களுக்கும் அதன் சாரம் எளிதில் விளங்கும். சாகுபடி செய்யாமல் விட்ட நிலத்தில் விளைந்திருக்கக் கூடிய பருத்திக்கு ராத்தலுக்கு 4½ சென்ட் என்று கணக்கு. அதில் 3½ சென்ட் நில வாடகை. சாதாரண வாரக் குடிக்கு அதில் பங்கே கிடையாது. மீதி 1 சென்டை மாத்திரம் விளைச்சலைப் பங்கிடும் விகிதத்தில் இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். பாதி வாரத்துக்கு உழைத்தவனுக்குக் கிடைத்தது அரை சென்ட். சொந்தக்காரனுக்குக் கிடைத்தது 4 சென்ட். ஒன்பதில் எட்டுப் பங்கு ஒருவனுக்கு, ஒரு பங்கு மற்றவனுக்கு! அந்த ஒரு பங்கும் பண்ணைக்காரன் கை வழியாகவே குடிக்கு வந்து சேர வேண்டியிருந்தது. பழைய கடனுக்கு என்று அவன் அதைப் பிடித்துக்கொண்டால் கேட்பார் யார்?

அதற்கும் மேலே ஒரு விபரீதம் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. குடியை வெளியேற்றிவிட்டுக் கூலியாளைக் கொண்டு மீதி நிலத்தைச் சாகுபடி செய்தால், அந்த அரை சென்டும் பண்ணைக்காரனுக்கே மிச்சம். சாகுபடி குறைய வேண்டும் என்று சர்க்காரே பணம் கொடுத்துச் சொல்லும்பொழுது, அத்தனை குடிகள் வேண்டியதும் இல்லை. இதைத் தடுப்பதற்காக, குடிகளின் எண்ணிக்கையை இயன்ற வரையில் குறைக்காமலிருக்கப் பண்ணைக்காரன் நல்லெண்ணத்துடன் முயல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: 'இயன்ற வரையில்' என்ற சொல்லின் வழியாக யானையும் நுழைந்து போகலாம். குடும்பங்கள் பல வண்டியேறின. 1934 ஜூலையில் ஆர்க்கன்ஸா ராஜ்யத்திலுள்ள டைரன்ஸா என்ற சிற்றூரில், வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் கூடித் தென்னாட்டுக் குடிவாரதாரர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். இனபேதம் கொடிகட்டிப் பறந்த அந்நாளில் இரு இனத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்ததே, அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியின் கனத்தைக் காட்டும். அந்த ஷரத்துக்குக் குடிகளுக்குச் சாதகமாகப் பொருள் கூற முன்வந்த இலாகா வக்கீல்கள் என்ன ஆனார்கள்? ஜெரோம் பிராங்க் முதலியோர் 1935 பிப்ரவரியில் வேலையிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

பணம் எவ்வளவு தூரம் பிரயாணம் செய்தது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்வோம். ஸன்பிளவருக்கு மேற்கே பாலிவார் கவுண்டியில் இருந்த டெல்டா அண்ட் பைன் லாண்ட் கம்பெனி, அந்நாளில் உலகத்தின் மிகப் பெரிய பருத்திப் பண்ணைகளில் ஒன்று. அதன் சொந்தக்காரர் மாஞ்செஸ்டர் நூற்பாலை முதலாளிகள். அதன் தலைவரான ஆஸ்கார் ஜான்ஸ்டனே, மேற்படி சட்டத்தை நிர்வகித்த ஸ்தாபனத்தில் உயர்ந்த பதவி வகித்தார். அமெரிக்கக் குடியானவனைக் காப்பாற்றப் புறப்பட்ட டாலர், கடல் கடந்து மாஞ்செஸ்டர் வரையில் சென்றது. நம் நாட்டுப் பருத்தியும் நம் நாட்டு நெசவாளியும் மாஞ்செஸ்டருக்கு இட்ட படியளப்பை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

1936-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட் பட்லர் வழக்கில், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, 1933-ம் வருஷச் சட்டத்தின் வரியும் ஒப்பந்தமும் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஆயின் ராஜ்யங்களின் அதிகாரத்தில் மத்திய சர்க்கார் தலையிட்டார்கள் என்பதே அதற்குக் காரணம். குடிகளின் பங்கைப் பற்றி அந்த நீதிமன்றத்தில் யாரும் வழக்காடவில்லை. மண் வளம் காக்கும் பெயரால் 1936-லும், புதிய உருவத்தில் 1938-லும் சட்டங்கள் வந்தன. ஏக்கருக்கு இவ்வளவு என்னும் அடிப்படை அப்படியே நின்றது.

அந்த அடிப்படை முப்பது ஆண்டுகளில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஸன்பிளவர் கவுண்டியில் இரண்டு பேருடைய வாழ்க்கையில் காணலாம். ஒருவர் ஸெனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். டாட்ஸ்வில் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைக்கு உரியவர். ஸெனட் சபையில் நீதி இலாகாக் கமிட்டிக்குத் தலைவர். விவசாயக் கமிட்டியிலும் அங்கத்தினர். 1960-களின் பிற்பகுதியில் அவருடைய குடும்பப் பண்ணைக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சர்க்கார் பணம் வந்தது. பயிரிடாததற்காகவும் அதில் ஒரு பகுதி. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பது நியாய சாஸ்திரத்தின் அரிச்சுவடி. மானியச் சட்டத்தை வகுக்கும் கமிட்டியில் மானியம் வாங்குகிறவரே அமர்ந்திருந்தார்.

மற்றொருவர் பானி லூ ஹேமர் அம்மையார். இருபது குழந்தைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கியவர். அதே கவுண்டியில் ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் பதினெட்டு வருஷம் உழைத்தவர். 1962 ஆகஸ்ட் 31-ந் தேதி, வாக்காளர் ஜாபிதாவில் பெயர் பதியக் கோரி இண்டியனோலா கோர்ட்டுக்குப் போய் வந்தார் என்பதற்காக, அன்றே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பருத்திக்கு ஒதுக்கிய ஏக்கர் குறைந்தபொழுதும், இயந்திரம் வந்தபொழுதும், பண்ணைக்காரருக்கு ஈடு கிடைத்தது. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று, ஈடு எதுவும் இல்லை. 1965-ல் டெல்டாவில் களை கொத்துவோர் நாள் ஒன்றுக்கு 3 டாலர் கூலி போதாது என்று வேலை நிறுத்தம் செய்ய நேர்ந்தது. பக்கத்து லப்ளோர் கவுண்டியின் அதிகாரிகளோ, கறுப்பு மக்கள் வோட்டுரிமை கேட்கத் தொடங்கிய 1962-ல், ஏழைகளுக்கு மத்திய சர்க்கார் இலவசமாக அளித்துவந்த உபரி உணவுப் பொருள்களை வாங்கி வழங்க மறுத்துவிட்டார்கள். 20,000-க்கு மேற்பட்டோர் அந்தக் குளிர் காலத்தில் மாவுக்கும் பருப்புக்கும் திண்டாடினர். நிலமுள்ளவன் வாங்கினால் அது விவசாய அபிவிருத்தி. நிலமில்லாதவன் வாங்கினால் அது பிச்சை. சர்க்கார் பணத்துக்கு இப்படி இரண்டு பெயர் வைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டுமா?

பெருந்தொகை பெறுவோரின் விவரம் வெளியே தெரிந்ததும் ஜனங்கள் கொதித்தார்கள். 1970-ம் வருஷச் சட்டம் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று முதன்முறையாக உச்ச வரம்பு விதித்தது. 1973-ல் அது 20,000 ஆகக் குறைந்தது. வரம்பு வந்தவுடன் வக்கீல்களுக்கும் வேலை வந்தது. ஒரு பண்ணை காகிதத்தில் பல பண்ணைகளாயிற்று. மனைவி, மக்கள், கம்பெனிகள், அக்கம்பெனிகளுக்குள் கம்பெனிகள் எனக் கிளைவிட்டது. கிளை தோறும் ஒரு செக். இந்தத் தந்திரத்துக்கு அந்நாட்டார் 'மிஸிஸிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயரிட்டார்கள். 1987-ல் சட்டத்தை இறுக்கி, விவசாயத்தில் நேரடியாக ஈடுபடுவோருக்கே பணம் என்றார்கள். ஆனால் 'நிர்வாகம் செய்வதும்' ஈடுபடுவதே என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்கள். 2018-ம் வருஷச் சட்டம், குடும்பம் என்ற சொல்லுக்குள் சகோதரர் மக்களையும், சிற்றப்பன் பெரியப்பன் மாமன் அத்தை மக்களையும் சேர்த்தது. 2025 ஜூலை 4-ந் தேதி கையொப்பமான சட்டம், ஒருவருக்கு உரிய வரம்பை 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 டாலராக உயர்த்திற்று. வேலியைப் போடுவதும் வேலிக்குள் படல் வைப்பதும் ஒரே கையாயிருந்தால் பயிர் மிஞ்சுமா?

பயிரையே காணாமல் பணம் மட்டும் விளைந்த இடமும் உண்டு. பழைய சாகுபடிக் கணக்கை ஆதாரமாக வைத்து ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்த காலத்தில், டெக்ஸாஸ் ராஜ்யத்தில் முன்பு நெல் விளைந்த நிலங்கள் வீட்டு மனைகளாக விற்கப்பட்ட பின்னும் அவற்றுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. 2000 முதல் ஆறு ஆண்டுகளில், விவசாயமே செய்யாதவர்களுக்குக் குறைந்தது 130 கோடி டாலர் சென்றது என்று வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2006-ல் கணக்கிட்டு வெளியிட்டது. அந்த நேரடித் தொகை 2014-ம் வருஷச் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் பழைய ஏக்கர்க் கணக்கு ஒழியவில்லை. இப்பொழுதுள்ள விலை ஈட்டுத் தொகையும் அதன் மேலேயே நிற்கிறது.

இனி, பணத்தைப் பங்கிட்டவர்கள் யார் என்று பார்ப்போம். அந்தந்தக் கவுண்டி விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் கமிட்டி வசம் இந்த அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது. ஊரார் காரியத்தை ஊராரே பார்ப்பது நல்ல தத்துவம்தான்; பஞ்சாயத்தை விரும்பும் நாம் அதைக் குறை கூற மாட்டோம். ஆனால் ஊராரில் பாதிப்பேருக்கு வாயில்லாத இடத்தில், பஞ்சாயத்து என்பது பெரிய வீட்டுத் திண்ணையே. 1964-ன் இறுதி வரையில் மிஸிஸிப்பியில் இந்தக் கவுண்டிக் கமிட்டிகளில் ஒரு கறுப்பர் கூட அங்கத்தினராக இல்லை. கடன் மனு தாமதமாயிற்று. ஏக்கர் ஒதுக்கீடு சுருங்கிற்று. விதைக்கும் காலம் கழிந்த பின் பணம் வந்தது. முறையிட்டவர்களுக்கு விசாரணையே இல்லை. விவசாய இலாகாவில் இத்தகைய புகார்களை விசாரித்துவந்த பிரிவு 1983-ல் கலைக்கப்பட்டது. 1920-ல் 9 லட்சத்துக்கு மேலிருந்த கறுப்பு விவசாயிகளின் எண்ணிக்கை, 1992-ல் சுமார் 18,000 ஆகிவிட்டது.

திமத்தி பிக்போர்ட் என்ற வட கரோலைனா விவசாயி முதலியோர் 1997-ல் தொடுத்த வழக்கில், நீதிபதி பால் பிரீட்மன் 1999 ஏப்ரல் 14-ந் தேதி சமரச ஒப்பந்தத்தை அங்கீகரித்தார். காலாவதியாகிவிட்டிருந்த புகார்களை விசாரிப்பதற்காகக் காங்கிரஸ் சபை 1998-ல் தனிச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. வழக்கில் வென்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆளுக்கு 50,000 டாலர் கிடைத்தது. காலங்கடந்து வந்தவர்களுக்காக 2010-ல் மீண்டும் ஓர் ஏற்பாடு. வேறு ஒரு சட்டத்தின் கீழ் 2024 ஜூலையில் 43,000 பேருக்குச் சுமார் 200 கோடி டாலர். சர்க்கார் தவற்றை ஈடு செய்ய முன்வந்தது மெச்சத்தக்கதே. ஆனால் ஏலத்தில் போன நிலத்தை 50,000 டாலர் திருப்பித் தராது. தகப்பன் இறந்த பின் மகனுக்கு வந்த செக், தகப்பன் விதைக்காமல் விட்ட பருவத்தைத் திருப்பித் தராது.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களையும் நியாயமாகக் கேட்போம். பெரிய பண்ணைக்குப் பெரிய நஷ்டம். ஆகவே ஏக்கர்க் கணக்கே நியாயம் என்பது ஒன்று. வியாபாரியின் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அதில் பண்ணைக்காரரும் பிரீமியம் செலுத்திச் சேரட்டும். அதற்கும் அங்கே சர்க்கார் உதவி இருக்கிறது. பொதுப் பணம் ஜீவனத்தைக் காப்பதற்கு, ஆஸ்தியைப் பெருக்குவதற்கன்று. நஷ்ட அபாயத்தை ஏற்றுப் பயிரிடும் குத்தகைதாரனுக்கே இப்பொழுது சட்டப்படி பணம் போகிறதே என்பது மற்றொன்று. உண்மைதான். ஆனால் செக் குத்தகைதாரன் பெயருக்கு வந்தால், அடுத்த ஆண்டுக் குத்தகை அந்த அளவுக்கு ஏறுகிறது. நிலத்தின் விலையும் ஏறுகிறது. புதிதாய் உழ வருகிற இளைஞன் அந்த ஏறிய விலையைக் கொடுத்தல்லவா உள்ளே வர வேண்டும்? சிறு குடியானவர்களே அங்கு அருகிவிட்டார்கள். இனி யாருக்குக் கொடுப்பது என்பது மூன்றாவது வாதம். அவர்கள் தாமாக அருகிவிடவில்லை. இயந்திரமும் சந்தையும் நகரத்தின் கூலியும் அவர்களை இழுத்தன என்பது மெய். அவர்களை வெளியேற்றுகிறவனுக்குப் பொக்கிஷமே பணம் கொடுத்தது என்பதும் மெய்.

இதைத் திருத்த முடியாததொன்றல்ல. ஒரு குடும்பத்துக்கு ஒரு வரம்பு; உறவு முறையைச் சொல்லி அதைப் பெருக்க இடமில்லை என்று எழுத வேண்டும். முதல் ஏக்கர்களுக்கு அதிகமாகவும், மேற்பட்ட ஏக்கர்களுக்குக் குறைவாகவும், ஓர் அளவுக்கு மேல் ஒன்றுமில்லை என்றும் விகிதம் அமைக்க வேண்டும். நிலம் பயிரினின்று விலகும்பொழுது அதில் உழைத்தவனுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். பணம் பங்கிடும் கமிட்டிக்கு மேலே, அந்தக் கவுண்டியோடு சம்பந்தமில்லாத அதிகாரியிடம் முறையிட உரிமையும், குறித்த காலத்துக்குள் விடையும் வேண்டும். இவற்றில் ஒன்றாவது பண்ணைத் தொழிலை அழித்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது.

தூர தேசத்துச் செய்தி நமக்கெதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 2019-ல் நம் மத்திய சர்க்கார் ஆரம்பித்த விவசாயி உதவித் திட்டத்தில், ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலப் பதிவேட்டில் பெயருள்ள குடும்பத்துக்குக் கிடைக்கிறது. குத்தகைக்கு உழுகிறவனுக்கும் வாரத்துக்கு உழுகிறவனுக்கும் அதில் இடமில்லை. தொகை சிறிது, நோக்கம் நல்லது. ஆயினும், பட்டாவைப் பார்த்துப் பணம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டால் அதன் மேல் என்ன கட்டிடம் எழும் என்பதைக் காட்டத் தொண்ணூறு வருஷ சாட்சியம் ஸன்பிளவர் கவுண்டியில் இருக்கிறது. சட்டசபைகளில் விவசாயியின் பெயரால் பேசும் கனவான்கள் அடுத்த மசோதாவைக் கொண்டுவரும்பொழுது, 'விவசாயி' என்ற சொல்லுக்கு முதல் பிரிவிலேயே பொருள் எழுதட்டும். அந்தப் பொருளில், பத்திரத்தில் பெயருள்ளவனுக்கு முன்னால் ஏரில் கை வைத்தவன் நிற்கட்டும்.